விளக்கு வைக்காத நாட்கள்

போன தீபாவளிக்கு முன்பு, நான் வேலை பார்த்த கிளினிக்கில் இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒரு பெண் தன் கைப்பேசியைக் காட்டினாள். நோயாளி மருந்து சாப்பிட வேண்டிய நேரத்துக்கு அதுவே மணி அடிக்குமாம். அடிக்கிற மணியை அமர்த்திவிட்டுத் திரும்பிப் படுப்பவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதுதான் சார் எங்களுக்கும் தலைவலி. உங்க காலத்துல மணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எப்படிச் சமாளிச்சீங்க?" என்றாள். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு சரோஜாவின் ஞாபகம் வந்தது. வந்தது போகவும் இல்லை. சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மனநலப் பிரிவில் மருத்துவ உதவியாளனாக இருந்தவன். பயிற்சி தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில். அதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிரிப்பவர்கள் நிறைந்த காலம் அது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள். என் அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னதும் காப்பி கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "வேலையில, வேலையில" என்று அப்பா அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. அதனால் எனக்கு நஷ்டமும் இல்லை.

வார்டில் மருந்து கொடுப்பது சுலபம். மணி அடித்ததும் எல்லாரும் வரிசையில் வருவார்கள். மாத்திரை, ஒரு குவளை தண்ணீர், விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதே ஆள் வீட்டுக்குப் போனால் அங்கே மணியும் இல்லை, வரிசையும் இல்லை, வாயைத் திற என்று சொல்ல ஆளும் இல்லை. எழுபதுகளின் நடுவில் என்னை ஈப்போவில் ஒரு கிளினிக்குக்கு மாற்றிய பிறகுதான் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று எனக்கு உறைத்தது.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் சிவக்கொழுந்து. யாழ்ப்பாணத்துக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நெற்றியில் திருநீறு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. நோயாளியின் நாற்காலியை மேசைக்கு எதிரே போட விடமாட்டார். பக்கத்தில் போடச் சொல்வார். எதிரே உட்கார்ந்தால் போலீஸ் ஸ்டேஷன் போல இருக்குமாம். "மருந்தை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டைக்காரனிடம் இல்லை என்று சொல்வது எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஜனங்களின் பழக்கத்திலேயே கிடையாது. கேட்டால் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்கள். அதனால் அவர் இப்படிக் கேட்பார்: "நேற்றுக் குளிசை போடேக்க எங்க நிண்டனீங்கள்?"

சாப்பிட்டவர்களுக்கு உடனே பதில் வரும். அடுப்படியில நின்னேன் சார், தண்ணி ஆறல, காப்பியோட போட்டுக்கிட்டேன் என்பார்கள். சாப்பிடாதவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். அவர்களை அவர் ஏசமாட்டார். "அப்ப குளிசையைத் தனிய விட்டிட்டீங்கள்" என்பார். தனியாக விட்ட மாத்திரை மறந்துதான் போகும், அதை ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையில் கொழுவிவிட வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். கொழுவி என்றால் மாட்டிவிடுவது. சிலருக்குப் பல் துலக்குவதில் மாட்டினோம், சிலருக்கு வானொலிச் செய்தியில்.

இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். மனச்சோர்வுக்கான மருந்து காய்ச்சல் மருந்து மாதிரி இல்லை. இன்று சாப்பிட்டால் நாளை தெரியாது. முதலில் வருவதெல்லாம் தொந்தரவுதான்: வாய் உலரும், தலை கனக்கும், தூக்கம் அள்ளும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். பலன் தெரிந்ததும், சுகமாகிவிட்டதே, இன்னும் எதற்கு என்று நிறுத்திவிடுவார்கள். முதலில் பலன் இல்லை என்று நிறுத்துவது, பிறகு பலன் வந்துவிட்டது என்று நிறுத்துவது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து நாங்கள் அல்லாடினோம்.

சரோஜா பால்மரம் சீவுகிறவள். ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம் போனால் அவள் தோட்டம். மூத்தது ஒரு பெண் குழந்தை, கலா. இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அதற்குப் பிறகு சரோஜா சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சோறு இல்லை, பேச்சு இல்லை, கலா அழுதாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பூசாரி, மந்திரித்த கயிறு எல்லாம் முடிந்து, கடைசியில் தஞ்சோங் ரம்புத்தானில் சில வாரம் இருந்து தேறி வந்தாள். அந்தச் சில வாரமும் கலாவைக் காம்பார் ஊரில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் சரோஜாவின் புருஷன் வீரய்யாவின் அக்கா பார்வதி. புருஷனை இழந்தவள், பிள்ளையில்லாதவள், சீனர் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிப் பிழைப்பவள். பிள்ளையைத் திரும்பக் கொண்டு வந்து விட்ட அன்றைக்கே வாசலில் நின்று சொல்லிவிட்டாளாம்: "இன்னொரு தடவ இவ படுத்தா, புள்ள என்கூட வந்துடும். அப்புறம் கேட்டாலும் தரமாட்டேன்." வீரய்யாவும் அதற்குத் தலையாட்டியிருக்கிறான்.

முதல்முறை நான் வீட்டுக்குப் போனபோது சரோஜா இதைத்தான் சொன்னாள். "நோவு கூட பரவால்ல டிரெசர் ஐயா. அந்தப் பேச்சுதான் பயமா இருக்கு." நான் டிரெசர், அதாவது தோட்ட ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், இல்லை. ஆனால் தோட்டத்தில் ஊசி மருந்து சம்பந்தப்பட்டவன் எவனும் டிரெசர்தான், அந்தப் பட்டத்தை நானும் மறுக்கவில்லை.

முதலில் மாத்திரையைப் படுக்கும்போது சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்தில் அது சரிப்படவில்லை. விடியுமுன் பெரட்டு. அதாவது எல்லாரும் ஆபீஸ் முன்னால் நின்று, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பேர் கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. மாத்திரையின் மயக்கம் தெளியாமல் இரண்டு முறை பெரட்டைத் தவறவிட்டாள் சரோஜா. பிறகு பெரட்டைப் பிடிக்க மாத்திரையைத் தவறவிட்டாள். விஷயம் தெரிந்ததும் டாக்டரிடம் கேட்டு நேரத்தைப் பொழுது சாய்கிற வேளைக்கு மாற்றினோம். இனி அதை எதில் மாட்டுவது?

அடுத்த கிளினிக் நாளில் சிவக்கொழுந்து அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். "வானம் இடிஞ்சு விழுந்தாலும் பின்னேரத்திலை நீங்கள் தவறாமல் செய்யிற வேலை என்ன பிள்ளை?"

அவள் யோசிக்கவே இல்லை. "விளக்கு ஏத்துவேன் சார். அது மட்டும் தவறவே மாட்டேன்."

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அவரும் தினம் தன் வீட்டில் தானே விளக்கேற்றித் தேவாரம் சொல்கிறவர். மாத்திரைப் போத்தலைச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைப்பது, விளக்கேற்றித் திருநீறு பூசியதும் மாத்திரையைப் போடுவது என்று முடிவாயிற்று. பிள்ளைக்கும் எட்டாத உயரம். வீரய்யாவுக்கு ஒரே திருப்தி. சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போது எவள் ஏமாற்றுவாள் என்றான். நானும் ஏற்பாடு என்றால் இதுதான் ஏற்பாடு என்று இரண்டு மூன்று வீடுகளில் இதையே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

சரோஜா தேறினாள். மரம் சீவப் போனாள். கலாவுக்கு எண்ணெய் தேய்த்து இறுக்கமாக இரட்டைப் பின்னல் போட்டாள். மாதத்தில் சில நாள் மட்டும் அவளுக்குத் தூக்கம் கெட்டு, வயிற்றைப் புரட்டி, எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறது என்று வீரய்யா சொல்வான். "அது பொம்பளைங்க சமாச்சாரம் சார்" என்று அவனே முடித்தும் வைப்பான். நாங்களும் அதை அங்கேயே விட்டோம்.

அப்போதுதான் வீரய்யாவின் சித்தப்பா இறந்தார். அதே தோட்டத்தில் அடுத்த லயத்தில், அதாவது அடுத்த வீட்டு வரிசையில், வீடு. சாவுக்குப் பார்வதி காம்பாரிலிருந்து வந்தாள், கருமாதி வரை இருப்பதாகத் தம்பி வீட்டில் தங்கினாள். இது எதுவும் தெரியாமல் என் முறைப்படி நான் ஒரு பிற்பகல் போய் நின்றேன்.

வாசலிலேயே பார்வதி. "வாங்க டிரெசர் ஐயா. உங்க ஆள வந்து பாருங்க. குளிச்சு மூணு நாளாச்சு. சோத்தப் போட்டு வச்சா ஈ மொய்க்குது."

உள்ளே பெட்டியின் மேல் கலாவின் கவுன்கள் மடித்து அடுக்கியிருந்தன. மடித்த விதமே, பயணத்துக்கு என்று சொன்னது. கலா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

சரோஜா பின்வாசல் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து மருந்து போடுறப்ப எங்கம்மா நின்னுக்கிட்டிருந்தே?"

"போடல சார்."

"முந்தாநாளு?"

"போடல."

"ஏம்மா, தீந்து போச்சா?"

"இருக்கு. சாமி மேடையில இருக்கு." இது கூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள். "தீட்டு சார். விளக்குதான் ஏத்தலையே."

திரும்பிப் பார்த்தேன். சாமி மேடையில் படங்களை ஒரு துணியால் மூடியிருந்தார்கள். அதற்குப் பின்னால் மாத்திரைப் போத்தல், சித்தப்பா இறந்த நாளிலிருந்து யார் கையும் படாமல்.

"யாரையாவது எடுத்துத் தரச் சொல்லியிருக்கலாமே?"

"யாரு எடுப்பா? அவருக்கும் தீட்டு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணிகிட்ட கேட்டா, இன்னும் மருந்துலதான் இருக்கியான்னு கேப்பாங்க. அது போதாதா, புள்ளயத் தூக்கிட்டுப் போவ."

பிறகுதான் எனக்கு மெல்ல விளங்கிற்று. மாதாமாதம் வரும் அந்தச் சில நாட்களும் இப்படித்தானா என்று கேட்டேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அந்த நாட்களில் அவள் மரம் சீவுவாள், சமைப்பாள், துணி துவைப்பாள். ஒதுங்கி உட்கார லயத்து வீட்டில் இடம் ஏது? ஆனால் சாமி மேடையைத் தொடமாட்டாள். தவறவே மாட்டேன் என்று எங்களிடம் அவள் சொன்னதில் ஒரு துளி பொய் இல்லை. தீட்டில் விளக்கு ஏற்றாமல் இருப்பது தவறுவது ஆகாது, அதுவும் முறைதான். கேட்டவர்கள் இரண்டு பேரும் தீட்டு என்றால் என்ன என்று தெரியாத வெள்ளைக்காரர்கள் இல்லை, தினம் திருநீறு பூசுகிறவர்கள். இருந்தும் எங்களுக்குத் தோன்றவில்லை.

நான் பார்வதியைக் கூப்பிட்டு மாத்திரைப் போத்தலை எடுத்து வரச் சொன்னேன். கட்டிக் கொடுத்த பெண், அவளுக்கு அந்தத் தீட்டு இல்லை. எடுத்து வந்தவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இவ்ளோ மிச்சம் இருக்கே" என்றாள். பிறகு சரோஜாவைப் பார்த்தாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

அன்று மாலையே ஈப்போவில் டாக்டரைப் பார்த்தேன். விட்ட இடத்தில் அப்படியே தொடரக்கூடாது, குறைத்து ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், தூக்கம் முதலில் வரும், மனம் தெளியக் கொஞ்சம் வாரங்கள் பிடிக்கும் என்றார். சிவக்கொழுந்திடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "தனிய இருக்கிறவன் கேட்ட கேள்வி. வேறை எப்பிடி இருக்கும்? என்ரை வீட்டு விளக்கு எந்த மாசமும் நிண்டதில்லை காணும்." அடுத்த நாளிலிருந்து அவர் கேள்வியோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: இந்த வேலையை எந்த நாளில் செய்யமாட்டீர்கள்? மலாய்க்காரர்களிடம் கேட்டால் நோன்பு மாதம் வந்தது. காலைப் பசியாறலில் மாட்டிய மாத்திரையெல்லாம் அந்த மாதம் அந்தரத்தில் தொங்கியிருக்கிறது. கேட்கக் கேட்க எங்களுக்கு வேலை கூடிற்று. அப்படிக் கூடிய வேலை நல்லதுக்குத்தான்.

மறுநாள் தோட்டத்துக்குப் போய்ப் பார்வதியிடம் சொன்னேன். "மருந்து மறுபடி வேலை செய்ய நாளாகும்க்கா. கருமாதியோட புள்ளயக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடாதீங்க."

"எனக்கும் கடை இருக்கு சார். தவுக்கே ஏற்கெனவே மூஞ்சிய காட்டுறான். லீவு கேட்டா சுசா லா." தவுக்கே என்பது சீன முதலாளி, சுசா என்றால் கஷ்டம். "இவ எழுந்திரிக்கவே இல்லன்னா?"

"எழுந்திரிப்பா. நீங்க பாக்காமலே தீர்ப்புச் சொல்லிடாதீங்க."

அவள் பின்வாசலைப் பார்த்தாள். பெட்டியின் மேலிருந்த கவுன்களைப் பார்த்தாள். "அடுத்த அமாவாச வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல என்னால ஆவாது."

பிறகு மாத்திரையை எதில் மாட்டுவது என்ற பழைய கேள்வி. "தீட்டு வந்தாலும் நிக்காத வேலை எதும்மா?" என்று சரோஜாவிடம் கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் பார்வதி முந்திக்கொண்டாள். "நல்லா கேட்டீங்க. பொம்பள வேலைல எது சார் நிக்குது? சாமி வேலை ஒண்ணுதான் நிக்கும்."

சரோஜாவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "கோழி" என்றாள்.

பின்னால் அவளுக்கு நாலைந்து கோழிகள் இருந்தன. பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்துக் கூண்டை அடைக்காவிட்டால் கீரி கொண்டு போய்விடும். சாவானாலும் கல்யாணமானாலும் கூண்டை அடைத்துத்தான் ஆகவேண்டும். கூண்டை அடைத்து, கையைக் கழுவி, அடுப்படிக் கதவுக்கு மேலே ஆணியில் தொங்கும் மைலோ டின்னிலிருந்து மாத்திரையை எடுத்துப் போடுவது என்று பேசிக்கொண்டோம். பார்வதி டின்னை இடுப்பில் சொருகிக்கொள்ளாத குறையாக நின்றாள். அவளிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஞாபகப்படுத்தவும் கூடாது. மறந்தால் மட்டும் எனக்குச் சொல்லலாம். நீங்கள் காம்பாருக்குப் போன பிறகு யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது சரோஜா தூங்க ஆரம்பித்திருந்தாள். அதற்கடுத்த முறை குளித்துத் தலை சீவியிருந்தாள். ஆனால் பேச்சு வரவில்லை. கவுன்களும் பெட்டியின் மேலேயே இருந்தன. அமாவாசை நெருங்க நெருங்க எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. என் மனைவி, நீங்களும் ஒரு மாத்திரை வாங்கிப் போடுங்கள் என்றாள்.

அமாவாசை கழிந்த மறுநாள் சாயங்காலம், வேண்டுமென்றே கோழி அடைகிற நேரத்துக்குப் போனேன். சரோஜா அன்று மரம் சீவிவிட்டு வந்திருந்தாள். கை முழுக்கப் பால் கறை. கலா ஒரு கோழியைத் துரத்த, இவள் "விடு, அது தானா வரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கூண்டை அடைத்தாள். கையைக் கழுவினாள். டின்னை எட்டி எடுத்தாள். நான் வந்து நிற்பதைக் கூட அவள் கவனிக்கவில்லை. என் கண் கலங்கிவிட்டது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

பார்வதி என்னுடன் மோட்டார் சைக்கிள் வரை நடந்து வந்தாள். "புள்ள இங்கயே இருக்கட்டும் சார். நான் நாளைக்குக் கிளம்புறேன்" என்றாள். நல்லது, அக்கா என்றேன். வண்டியைக் கிளப்பப் போனால், கைப்பிடியில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுக்காரரு போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல சார். எத்தன வருஷமோ ஆச்சு. கலா பக்கத்துல படுத்திருந்தாதான் கண்ணு மூடும். அதுக்குத்தான் புள்ளயக் கேட்டேன். வேற ஒண்ணுக்கும் இல்ல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்னயும் அந்த டாக்டரு பாப்பாரா?"

பார்ப்பார் என்றேன்.

அடுத்த கிளினிக் நாளன்று சரோஜா முன்னால் வந்தாள், ஒரு கையில் கலா, இன்னொரு கையில் காம்பாரிலிருந்து வந்திருந்த பார்வதி. பார்வதி வாசலிலேயே தயங்கி நின்றுவிட்டாள். சரோஜா அவளை உள்ளே அழைத்து வந்து சிவக்கொழுந்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "உள்ளதச் சொல்லுங்க அண்ணி" என்றாள். "இங்க யாரும் ஏச மாட்டாங்க."